புதுமண்டபத்தில் தைத்த அழகர் உடுப்பு

மகனுக்கு நாலு வயசில் காய்ச்சல் விடவே இல்லை. "மூணு வருஷம் பிள்ளைக்கு வேஷம் கட்டி ஆத்துக்குக் கூட்டி வர்றேன் அழகரே"ன்னு நேர்ந்துக்கிட்டேன். அந்த உடுப்புக்கு எங்க உசிலம்பட்டிப் பக்கத்துல அப்போ எல்லோரும் கைகாட்டின இடம், மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருக்கிற புதுமண்டபம். பேர்தான் புதுசு. 17ஆம் நூற்றாண்டுல வசந்த உற்சவத்துக்காகத் திருமலை நாயக்கர் கட்டினது. அப்போ உள்ளே போனா தூணுக்குத் தூண் தையல் மெஷின், நடுவுல வளையல், பாத்திரம், புத்தகக் கடைன்னு இருக்கும்.

எங்களுக்குத் தைச்சவர் ஒரு பாய். அவங்க அப்பாவும் அதே தூணடியிலதான் தைச்சாராம். "அரைக்கால் சல்லடம், இடுப்புக் கச்சை, தலைக்கு உருமால், மூணும்தானேம்மா?"ன்னு கேட்டுட்டு, அளவு எடுக்கிறதுக்கு முன்னாடி பையன் கையில ஒரு ஜரிகைத் துண்டைக் கொடுத்தார். அழாம நின்னான். கூலி பேசி முடிச்சப்புறமும் விடலை. "தண்ணி பீய்ச்சத் தோல் துருத்தியே வாங்குங்க. பம்பு வச்சு அடிச்சா சாமிக்கும் ஆகாது, கூட்டத்துக்கும் ஆகாது"ன்னார். அழகர் வைகையில இறங்குற அன்னைக்கு என் பிள்ளை தண்ணி பீய்ச்சினதைப் பார்த்து நான் அழுதுட்டேன்.

*

அக்கா, நாங்கள் கீழமாசி வீதிக்காரர்கள். ஜாக்கெட் துணியைக் கொடுத்துவிட்டு அம்மனைப் பார்த்துத் திரும்பினால் தைத்து வைத்திருப்பார்கள். புதுமண்டபக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரக் கட்டடத்துக்கு மாற்றியபோது எனக்கு வருத்தம்தான். துணி மூட்டைகளுக்குப் பின்னால் மறைந்து கிடந்த சிற்பங்களுக்கு அது நல்லது என்பதையும் மறுக்க மாட்டேன். உங்கள் பாயை அங்கே பார்த்தீர்களா?

*

பார்த்தேன் தம்பி. இடையில ரெண்டு சித்திரை ஊரடங்குல போச்சு, நேர்த்தி பாக்கி நின்னுச்சு. பழைய உடுப்பையே பையில எடுத்துட்டு, சத்திரத்துல ஒவ்வொரு கடையா "அழகர் உடுப்பு தைக்கிற பாய்"னு கேட்டுக்கிட்டே போனேன். அவரே எழுந்து வந்தார். பையன் இப்போ என் தோள் உயரம், புதுசாத்தான் தைக்கணும்னு நினைச்சேன். அவர் சல்லடத்தை உள்புறம் திருப்பிக் காட்டினார். இடுப்புலயும் ஓரத்துலயும் நாலு விரல் துணியை மடிச்சு விட்டுத் தைச்சிருக்கார்.

"மூணு வருஷ நேர்த்தின்னு அன்னைக்கே சொன்னீங்கள்லம்மா"ன்னு சொல்லிக்கிட்டே தையலைப் பிரிக்க ஆரம்பிச்சார்.