திரட்டலா, திரளலா, திரட்சியா? வெள்ளிக்குள் விடை வேண்டும்

ம. எழுதியது:
அன்பர்களே, முதுகலைப் பாடக்குறிப்பு ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். பார்க்கின்சன் நோயில் ஆல்ஃபா சைனூக்ளின் புரதம் ஒன்றோடொன்று ஒட்டி இழையாவதை என்.எம்.ஆரில் (காந்தப்புலத்தில் அணுக்கருக்கள் தரும் சமிக்ஞையை அளக்கும் முறை) எப்படிப் பின்தொடர்வது என்பது பாடம். கரைசலில் தனி மூலக்கூறு வேகமாக உருளும்; சமிக்ஞை வரைபடத்தில் முகடுகள் கூர்மையாக வரும். பெரிய இழையாகிவிட்டால் உருளும் வேகம் குறைந்து, முகடு அகன்று, இரைச்சலில் மறைந்துவிடும். முகட்டின் உயரம் குறையக் குறைய, ஒட்டிக்கொண்ட புரதம் கூடுகிறது என்று கணக்கு. இந்த அக்ரிகேஷனுக்குத் 'திரட்டல்' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

க. எழுதியது:
> திரட்டல்
கூடாது. திரள் தன்வினை, திரட்டு பிறவினை. நிதியை நாம் திரட்டுகிறோம். மேகமும் வெண்ணெயும் தாமே திரள்கின்றன. புரதத்தை யாரும் திரட்டவில்லை. செயலுக்குத் 'திரளல்', உண்டான பொருளுக்குத் 'திரள்'. ஒரே வேரில் இரண்டும் கிடைக்கும்போது விடலாமா?

த. எழுதியது:
'திரளல்' நாவில் வழுக்குகிறது. 'திரட்சி' இருக்கிறதே! அது போகட்டும், பாடத் தலைப்பில் என்.எம்.ஆரை 'அணுக்கரு காந்த ஒத்ததிர்வு' என்கிறீர்கள். காந்தம் வடசொல் என்போருக்குச் சொல்கிறேன்: காந்து என்ற தமிழ் வினையிலிருந்து பிறந்தது அது.

க. எழுதியது:
காந்துதல் எரிதல் ஐயா. ஈர்ப்புக்கு அதில் எங்கே இடம்? வடமொழியில் 'அயஸ்காந்தம்' என்றால் இரும்புக்குப் பிரியமானது; பொருள் நேராகப் பொருந்துகிறது. திரட்சியோ பருமனைச் சொல்லும், நிகழ்வைச் சொல்லாது.

ம. எழுதியது:
காந்தத்தை அப்புறம் பார்க்கலாம். திரளலைத் தடுக்கும் மூலக்கூறான இன்ஹிபிட்டருக்கு 'தடுப்பான்' போதுமா?

வ. எழுதியது:
நொதிக்குத் தடுப்பான் என்பது வழக்கில் உள்ளதுதான். ஆனால் ஆய்வகத்தில் பார்ப்பது வேறு. இந்தப் புரதத்தில் 140 அமினோ அமிலங்கள். மருந்து மூலக்கூறைச் சேர்த்ததும் எவற்றின் முகடுகள் இடம் பெயர்கின்றன என்று பார்த்தால், அது எங்கே ஒட்டுகிறது என்ற துப்பு கிடைக்கும். பச்சைத் தேயிலையிலுள்ள இ.ஜி.சி.ஜி. என்ற சேர்மம் திரளலை நிறுத்துவதில்லை, இழையாகாத சிறு திரள்களின் பக்கம் திருப்பிவிடுகிறது. அப்போதும் முகடு குறையும்! எனவே முகடு குறைந்தாலே இழைதான் என்று மாணவர் முடிவு கட்டக் கூடாது. இழையாவதற்கு 'இழையாதல்' என்று தனிச்சொல் வையுங்கள். இ.ஜி.சி.ஜி. போன்றவற்றுக்குத் 'திருப்பி' என்பேன்.

த. எழுதியது:
'திருப்பி' என்றால் 'மறுபடியும்' என்றுதான் படிப்பார்கள்.

ம. எழுதியது:
சரி, திரளல், இழையாதல், தடுப்பான் என்றே அனுப்புகிறேன். இ.ஜி.சி.ஜி. பற்றி வ. சொன்னதை அடிக்குறிப்பாகச் சேர்த்துவிட்டேன்.

த. எழுதியது:
அனுப்புங்கள். என் சொற்பட்டியலில் திரட்சிதான் இருக்கும். காந்து பற்றித் தனி விவாத இழை தொடங்குகிறேன்.