21 நாளில் கூட்டெருவாம்! பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு இதையோ படிப்பிக்கிறியள்?

கனகராயன்:
மல்லாவி மைந்தன் நேற்று எழுதினதைப் பாத்தனீங்களோ? "பிள்ளைகளே தலைமை தாங்கி, பள்ளிக்கூடக் குப்பையை 21 நாளில் கூட்டெருவாக்கிக் காட்டினார்கள். வன்னியில் எல்லாப் பள்ளியும் இப்படிச் செய்தால் குப்பைப் பிரச்சினை முடிந்தது." வாசிச்ச நேரம் துவக்கம் மனம் ஆறேல்லை. முப்பது வருசமா எருக் குவிக்கிறவன் நான். 21 நாளில எரு வராது. பிள்ளையளுக்குப் பிழையான கணக்கைச் சொல்லிக் குடுக்காதேங்கோ.

மல்லாவி மைந்தன்:
அண்ணை, கண்ணால கண்டுதான் எழுதினனான். தரம் 9 பிள்ளையள். ஒரு மீற்றர் அகலம், ஒரு மீற்றர் உயரத்தில குவியல். கிளிசரியா இலை, வாழைத்தண்டு, வைக்கல், பக்கத்து வீட்டு மாட்டுச் சாணம். ரெண்டு நாளைக்கு ஒருக்காப் பிரட்டினவை. விடியப் பிரட்டேக்கை ஆவி பறந்தது. ஒரு பிள்ளை இரும்புக் கம்பியை உள்ளுக்கை குத்தி, கொஞ்ச நேரத்தால இழுத்துப் பாத்திட்டு, சுடுது எண்டு கையை உதறினது. 21ஆம் நாள் கறுத்து உதிர்ந்து, மழை விழுந்த மண் மாதிரி மணந்தது.

கனகராயன்:
கறுத்தா எருவோ? சூடு 55, 60 பாகைக்கு ஏறி இறங்கினாப் பிறகு அதை ஆறப்போட வேணும். அதுக்குத்தான் காலம் போகும். அரைகுறையா உக்கினதைக் கொண்டுபோய்க் கத்தரிக்குப் போட்டால், மண்ணில இருக்கிற நைதரசனையும் அது இழுத்துப்போடும். கண்டு மஞ்சளாகும். குறைஞ்சது 3 மாசம்.

ஸ்காபரோ வன்னியான்:
கனகராயன் அண்ணை, கலிபோர்னியாவில 18 நாள் முறையே இருக்கு. காபன் 30 பங்குக்கு நைதரசன் ஒரு பங்கு, ஒழுங்காப் பிரட்டு. அவ்வளவுதான். ரொறன்ரோவில எங்கட வீட்டில பச்சை வாளி, நீல வாளி எண்டு சின்னப்பிள்ளையே பிரிச்சுப் போடும். அங்க ஏன் ஏலாது?

ஒட்டுசுட்டான் கமக்காரன்:
வாளியை வாசலில வைச்சா லொறி வந்து ஏத்துற ஊரில இருந்துகொண்டு எங்களுக்குச் சொல்லாதேங்கோ தம்பி. எங்கட ஒழுங்கைக்குக் குப்பை ரக்ரர் வந்து எத்தினை மாசம் தெரியுமோ? சேதனப் பசளை எண்டாலே எனக்கு வயிறு பத்துது. 2021 மே மாசம் அரசாங்கம் இரசாயனப் பசளையைத் தடை செய்தது, நவம்பரில தடையை எடுத்தது. இடையில நாங்கள் காலபோக நெல்லு விதைச்சிட்டம். எனக்கு வந்த 'சேதனப் பசளை' மூட்டையை வெட்டிக் கொட்டினால் சொப்பின் பைத் துண்டும் போத்தல் கண்ணாடியும். காலில குத்தின காயம் மாற ஒரு மாசம்.

கனகராயன்:
பாத்தியளோ! அதுவும் அவசர எருதான். 21 நாள் கதை எங்க கொண்டுபோய் விடும் எண்டதுக்கு இதுதான் சாட்சி.

மல்லாவி மைந்தன்:
அது பிரிக்காத குப்பையால வந்த வினை அண்ணை, நாள்க் கணக்கால இல்லை! அந்தப் பிரிக்கிற வேலையைத்தான் பிள்ளையள் பழகுதுகள் எண்டு எழுதினனான்.

விசுவமடு ரீச்சர்:
நான் ஒண்டு கேக்கிறன். தலைமை எண்டு எழுதினீங்கள், எது தலைமை? எங்கட சுற்றாடல் கழகத்தில அஞ்சு வாளி வைச்சனாங்கள். உக்கிறதுக்குப் பச்சை, கடதாசிக்கு நீலம், பிளாஸ்ரிக்குக்குச் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு, உலோகத்துக்கு மண்ணிறம். சாப்பாடு சுத்துற பொலித்தீன் லஞ்ச் சீற்றுக்கு 2017இலயே தடை வந்தும் அது வந்துகொண்டுதான் இருந்தது. பிள்ளையள் தாங்களே கூட்டம் வைச்சு, சாப்பாட்டுப் பெட்டி இல்லாட்டி வாழையிலை எண்டு முடிவெடுத்து, சிற்றுண்டிச்சாலையிலயும் போய்ச் சொன்னதுகள். ஒரு தவணை முழுக்கப் பிரிச்சுதுகள். கடைசியில ரக்ரர் வந்து அஞ்சையும் ஒரே பெட்டியில கொட்டிக்கொண்டு போச்சுது. கழகத் தலைவி என்னைப் பாத்து, "அப்ப ஏன் ரீச்சர் பிரிச்சனாங்கள்?" எண்டாள். அவளுக்கு என்ன மறுமொழி சொல்ல?

கனகராயன்:
ரீச்சர், உங்கட பச்சை வாளி எரு எத்தினை நாளில வந்தது?

விசுவமடு ரீச்சர்:
நான் கேட்டது அதில்லை, ஐயா.

முறிப்புப் பெடியன்:
குப்பை அள்ளுறது சபையின்ர கடமை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில இருக்கு. சம்பளம் எடுக்கிற பெரியாக்கள் செய்யாத வேலைக்குப் பிள்ளையளைத் தலைவராக்கிறதோ? சோதனை நெருங்குது, அதுகள் படிக்கட்டும்.

மல்லாவி மைந்தன்:
அந்தச் சட்டத்தைப் பிள்ளையளுக்கும் படிப்பிச்சால் நாளைக்குச் சபையில போய்க் கேக்குங்கள். அதுவும் படிப்புத்தானே? நீங்கள் ஒரு நாளாவது போய்க் கேட்டனீங்களோ?

முறிப்புப் பெடியன்:
என்னைப் பற்றி உமக்கு என்ன தெரியும்? போன வருசம் வாய்க்கால் துப்பரவுக்கு வாறன் எண்டு சொல்லிப்போட்டு வராத ஆள் நீர்.

மல்லாவி மைந்தன்:
அண்டைக்கு அம்மாவுக்குக் காய்ச்சல். அதை எல்லாருக்கும் சொன்னனான்.

புதுக்குடியிருப்புத் தாய்:
சண்டையை விட்டிட்டு இதைக் கேளுங்கோ. எருக் குவியல் எண்டால் முதல் குழி வெட்டச் சொல்லுவினம், மிச்சக் குப்பையைக் கூட்டி எரிக்கச் சொல்லுவினம். யுத்த காலத்து வெடிபொருள் கிடக்கிற எங்கட மண்ணில குப்பைக்கு நெருப்பு வைக்க வெடிச்ச சம்பவங்கள் மறந்துபோச்சோ? மண்வெட்டியில இரும்பு தட்டினால் தொடாமல் விட்டிட்டு வந்து பெரியாக்களிட்டச் சொல்லோணும் எண்டுதான் முதல் பாடம் சொல்லிக் குடுங்கோ. என்ர மகனும் அந்தக் கழகத்திலதான். மண்வெட்டி கொண்டுபோற நாளில அவன் வீட்டுக்கு வருமட்டும் படலையடியிலதான் நிப்பன்.

கனகராயன்:
தங்கச்சி, உங்கட பயம் ஞாயம். அதுக்குக் குழியே வேண்டாம், நிலத்துக்கு மேல குவிச்சால் காணும். மழைக்குக் கிடுகால மூடலாம். நான் முப்பது வருசமும் அப்பிடித்தான். ஆனால் 21 நாள் இல்லை.

ஸ்காபரோ வன்னியான்:
18 நாள் முறை...

கனகராயன்:
உம்மட 18ஐ உம்மட பின்வளவில செய்து, அந்த எருவில ஒரு கத்தரிக்கண்டை வைச்சுப் படம் போடும் தம்பி. அதுக்குப் பிறகு கதைப்பம்.

மல்லாவி மைந்தன்:
அண்ணை, வாற கிழமை பள்ளிக்கூடத்துக்கு வாங்கோ. குவியலை நீங்களே தொட்டுப் பாருங்கோ.

கனகராயன்:
வருவன். கையை உள்ளுக்கை விடுவன். இளஞ்சூடு இருந்தாலும் அது எரு இல்லை எண்டு பிள்ளையளுக்கு முன்னாலயே சொல்லுவன். அதுக்கு முதல் 21 எண்டு போட்டதை மாத்தும். மாத்தும் மட்டும் இதிலதான் எழுதிக்கொண்டு நிப்பன்.

மல்லாவி மைந்தன்:
மாத்தமாட்டன்.