புதுப்பிப்பு: செங்கோட்டை–புனலூர் மீட்டர்கேஜ் வண்ணப் படங்கள்

தமிழ்நாட்டின் செங்கோட்டைக்கும் கேரளத்தின் புனலூருக்கும் இடையிலான மீட்டர்கேஜ் (தண்டவாளங்களுக்கிடையே ஒரு மீட்டர் இடைவெளி கொண்ட) ரயில்பாதையில் என் தந்தையார் 1980களின் இறுதியில் எடுத்த வண்ணப் படங்களைச் சென்ற மாதம் இங்கே பகிர்ந்து, அவற்றில் ஒன்றைத் தென்மலை நிலையம் என்று குறிப்பிட்டிருந்தேன். அது ஆரியங்காவு என நண்பர்கள் இருவர் சுட்டிக்காட்டினர். பெயர்ப்பலகையின் விளிம்பைப் பெரிதாக்கிப் பார்த்தபின் அவர்கள் சொன்னதே சரி என்று ஏற்கிறேன்.

மற்ற படங்களையும் இப்போது ஸ்கேன் செய்துவிட்டேன். கழுதுருட்டிக்கு அருகிலுள்ள பதின்மூன்று கண் பாலத்தின் மீது காவிச் சிவப்புப் பெட்டிகள் வளைந்து செல்லும் படத்தில், வண்டியின் பின்புறத்தில் இன்னொரு எஞ்சின் தெரிகிறது. மலையேற்றத்தில் முன் எஞ்சின் மட்டும் போதாது என்பதால் பின்னாலிருந்தும் தள்ளுவார்கள் என அப்பா விளக்கியது, அந்தப் படத்தைப் பார்த்ததும் அவர் குரலிலேயே காதில் விழுந்தது. பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் நுழைந்ததும் பெட்டியிலுள்ள பிள்ளைகள் அனைவரும் கூச்சலிடுவோம். அம்மா மட்டும் கரித்தூளுக்குப் பயந்து ஜன்னலை இறக்கிவிடுவார்.

1904இல் திறக்கப்பட்ட இப்பாதையில் மீட்டர்கேஜ் வண்டிகள் 2010 செப்டம்பருடன் நின்றன. அகலப்பாதை 2018இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. பாலத்தை இடிக்காமல் வலுப்படுத்தியது எனக்குப் பெரிய ஆறுதல். சென்ற வாரம் அதே பாலத்தை மீண்டும் ரயிலில் கடந்தேன். பெட்டி அகலமாகவும் வசதியாகவும் இருந்தது, ஆனால் குகைக்குள் யாரும் கூச்சலிடவில்லை.

எஞ்சிய பதினோரு படங்களை, இடப்பெயர்களைச் சரிபார்த்தபின் பதிவேற்றுகிறேன்.