பழைய நாட்டுக் கோதுமைகளுக்கு ஆராய்ச்சிப் பணம் போகணுமா, வேண்டாமா?

கதிர்மணி:
1920, 30களில் ஆர்தர் வாட்கின்ஸ் என்கிற கேம்பிரிட்ஜ் தாவரவியலாளர், பல நாட்டு உழவர்கள் விதைத்துவந்த கோதுமைகளை வரவழைத்துச் சேர்த்தார். அவற்றில் 827 நாட்டு ரகங்கள் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மையத்தில் இன்றும் முளைக்கும் நிலையில் இருக்கின்றன. சீன ஆய்வாளர்களோடு சேர்ந்து அத்தனையின் மரபணுத் தொகுப்பையும் படித்து 2024ல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். ஏழு மூதாதைக் குழுக்கள் தெரிந்தன. இன்றைய ரகங்கள் பெரும்பாலும் அதில் இரண்டின் வாரிசுகள். சத்தும் மகசூலும் சேர்ந்து கூடவேண்டுமென்றால் மீதி ஐந்துக்குள் போயாக வேண்டும் என்பது என் கட்சி. நல்ல ரகத்தையும் நல்ல ரகத்தையுமே கலந்துகொண்டிருப்பது ஒரே குடும்பத்துக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது மாதிரி.

வயல்வரப்பு:
படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நாட்டு ரகத்தைக் கலந்தா வேண்டிய ஒரு மரபணுவோட வேண்டாததும் கூடவே ஒட்டிக்கிட்டு வரும். பயிர் உயரமாகிச் சாயும், மணி சிறுக்கும். அதைக் கழிக்கவே பல தலைமுறை திரும்பத் திரும்ப நல்ல ரகத்தோட கலக்கணும். அத்தனை வருஷம் அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும். பஞ்சாப் விவசாயி எக்டேருக்கு ஐந்து டன்னை ஒட்டி எடுக்கிறார். அவர்கிட்ட போய் "இதுல சத்து அதிகம், ரெண்டு குவிண்டால் குறையும்"னு சொல்ல முடியுமா? அறுபதுகள்ல சாயாம நின்னு நிறைய விளையுற குட்டைக் கோதுமை வரலைன்னா நாம இன்னும் அமெரிக்கக் கப்பல்ல வர்ற கோதுமைக்குக் காத்திருப்போம். பசியை ஆத்தினது மகசூல்தான்.

கதிர்மணி:
அந்தக் குட்டைத்தன்மை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஜப்பானின் 'தருமா' என்ற குட்டை நாட்டு ரகத்தில் இருந்து 'நோரின் 10' வந்தது. அதன் விதை 1946ல் அமெரிக்கா போனது. அங்கே ஆர்வில் வோகல் என்ற கோதுமை ஆய்வாளர் அதை அந்நாட்டு ரகங்களோடு கலந்தார். அவரிடம் வாங்கி மெக்ஸிகோவில், பசுமைப் புரட்சியின் தந்தை எனப்படும் நார்மன் போர்லாக் தொடர்ந்தார். நீங்கள் சொல்லும் மகசூலுக்கு வேரே ஒரு நாட்டுக் கோதுமைதான்.

சத்துணவுக்காரி:
இரண்டு பேரும் சாப்பிடுகிறவரை மறந்துவிட்டீர்கள். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் ஒரே வயலில் 1843 முதல் கோதுமை போடுகிறார்கள், ஒவ்வொரு விளைச்சலிலும் மாதிரி எடுத்துச் சேமித்திருக்கிறார்கள். அந்த மணிகளைச் சோதித்ததில் துத்தநாகம், இரும்பு, தாமிரம், மெக்னீசியம் நான்கும் 1960களின் நடு வரை ஏறக்குறைய நிலையாக இருந்து, குட்டை ரகங்கள் வந்தபின் இறங்கின. மண்ணில் அவை குறையவில்லை. ஆக, வயல்வரப்பு சொல்லும் மகசூலுக்கு நாம் ஒரு விலை கொடுத்திருக்கிறோம்.

ஆனால் கதிர்மணிக்கும் ஒரு கேள்வி. துத்தநாகம் பெரும்பாலும் முளையிலும் தவிட்டை ஒட்டிய அடுக்கிலும்தான் இருக்கிறது. மைதாவாக அரைத்தால் போய்விடும். முழு மாவாகச் சாப்பிட்டாலும் தவிட்டில் இயல்பாகவே இருக்கும் பைட்டேட் என்ற பொருள் அதில் ஒரு பகுதியை உடலில் சேரவிடாது. அந்தப் பணத்தைப் பருப்புக்கும் முட்டைக்கும் செலவழித்தால் குழந்தைக்குச் சீக்கிரம் போய்ச் சேருமே?

கதிர்மணி:
பருப்பும் முட்டையும் வேண்டும், அதில் எனக்குச் சண்டையே இல்லை. வடமாநில ஏழை வீட்டில் மூன்று வேளையும் ரொட்டிதான் என்கிற நிலை மாறும்வரை அந்த ரொட்டியில் என்ன இருக்கிறது என்பது முக்கியம். 2017ல் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் கொடுத்த 'பி.பி.டபிள்யூ 1 ஜிங்க்' ரகத்தில் கிலோவுக்குச் சுமார் 40 மில்லிகிராம் துத்தநாகம். மெக்ஸிகோவில் இருக்கும் சிமிட் என்ற பன்னாட்டுக் கோதுமை, மக்காச்சோள ஆராய்ச்சி நிலையத்தில் இந்த மாதிரி ரகங்களுக்கு அடித்தளம் போட்டபோது காட்டுப்புல் உறவினர்களையும் ஸ்பெல்ட் போன்ற பழைய கோதுமைகளையும்தான் தேடிப்போனார்கள்.

இன்னொன்று. பயிர்க் கோதுமையின் மூதாதையான காட்டு எம்மர் கோதுமையில் இருக்கும் ஒரு மரபணுவை 2006ல் அடையாளம் கண்டார்கள். அது இலையைச் சீக்கிரம் பழுக்க வைத்து, அங்கிருக்கும் நைட்ரஜனையும் இரும்பையும் துத்தநாகத்தையும் மணிக்கு அனுப்புகிறது. நாம் பயிரிடும் ரகங்கள் பெரும்பாலானவற்றில் அது செயலிழந்து கிடக்கிறது. மனிதன் கோதுமையைப் பழக்கியபோது கைநழுவிப் போன சத்து அது. அதை விட்டுவிடலாம் என்று என்னால் சொல்ல முடியாது.

வயல்வரப்பு:
நீங்களே சொல்லிட்டீங்க, இலை சீக்கிரம் பழுக்குதுன்னு. மணி நிரம்புற நாள் குறையுமே. சில இடங்கள்ல அந்த மரபணுவால மணி எடை குறைஞ்சதாகவும் ஆய்வு இருக்கு. மார்ச் மாசம் வெயில் திடீர்னு ஏறுற வடநாட்டுல இதை நம்பி விதைக்கச் சொல்ல எனக்கு மனசு வராது.

மலைக்காற்று:
காலம் ஆகும் என்பதற்கு மட்டும் ஒரு பதில். எங்கள் நீலகிரியில் வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் இருக்கிறது. இங்கே கோடையிலும் கோதுமை வரும். வடக்கே அறுவடை முடிந்ததும் விதையை இங்கே போட்டு வருஷத்துக்கு ஒரு தலைமுறை கூடுதலாக எடுக்கலாம். மலைக் குளிரில் துரு நோய் என்ற பூஞ்சை நோய் தானாகவே வரும் என்பதால் அதைத் தாங்காத செடிகளை அப்போதே கழித்துவிடலாம்.

அப்புறம் 'பி.பி.டபிள்யூ 343' கதை. 1995 வாக்கில் வந்து வடமேற்கு முழுக்கப் பரவிய ரகம். மஞ்சள் துருவின் புது வகை வந்ததும் விழுந்தது. ஒரே ரகத்தை அத்தனை பரப்பில் போட்டதன் விலை. பிறகு ஏஜிலாப்ஸ் என்ற காட்டுப்புல்லின் நோய் எதிர்ப்பு மரபணுக்களை, அவை வந்துசேர்ந்தனவா என்று காட்டும் மார்க்கர் என்ற டி.என்.ஏ. அடையாளங்களை வைத்து ஏற்றி, 'உன்னத் பி.பி.டபிள்யூ 343' என்று 2017ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். நல்ல ரகமும் தப்பியது, காட்டுப்புல்லும் பயன்பட்டது.

வயல்வரப்பு:
துருவுக்காகக் காட்டுப்புல்லுக்குப் போறதை நான் எப்பவும் எதிர்க்கலை. நோய் வந்தா விவசாயிக்குக் கண்ணால தெரியும், விதையை மாத்துவார். துத்தநாகம் யார் கண்ணுக்குத் தெரியும்? மண்டியில ஈரம் பார்க்கிறாங்க, தூசு பார்க்கிறாங்க, சுருங்கின மணி பார்க்கிறாங்க. சத்தை அளந்து விலை போடுறது இல்லையே. அரசு கொள்முதல்ல சத்துக் கோதுமைக்குக் குவிண்டாலுக்கு இவ்வளவு கூடுதல்னு அறிவிக்கட்டும், நானே விதை வாங்கித் தர்றேன்.

சத்துணவுக்காரி:
அந்தக் கூடுதல் விலைக்கு என் ஓட்டும் உண்டு. ரேஷனிலும் சத்துணவுக் கூடத்திலும் அந்தக் கோதுமையைத் தனியாக வாங்கி முழு மாவாகக் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் மில்லில் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும்.

கதிர்மணி:
விலை வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விலை அறிவித்த மறுநாள் விதைக்க ரகம் கையில் இருக்கவேண்டும். ஒரு ரகம் உருவாகப் பத்து வருஷம் ஆகிறது. வாட்கின்ஸ் தொகுப்பின் மரபணு விவரம் எல்லாருக்கும் திறந்துவைக்கப்பட்டிருக்கிறது. நம் பல்கலைக்கழகங்கள் அதை வைத்துக் கலப்பை இந்தப் பருவத்திலேயே தொடங்கலாம்.