பிரெட்னிசோலோனைத் திடீரென நிறுத்திய பின் அம்மாவுக்குத் தலைசுற்றலும் வாந்தியும்: காத்திருக்கலாமா?

கேள்வி: மூட்டுநோயாளியின் மகள்

அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு வயது 61. முடக்குவாதத்துக்காகப் பதினான்கு மாதங்களாகப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுவந்தார். தொடக்கத்தில் நாளுக்கு 20 மில்லிகிராம், பிறகு 10. விரல் வீக்கம் வடிந்து, இரண்டு வருடமாகத் தொடாத அரிவாள்மணையை மறுபடி எடுத்தார் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் முகம் உப்பி உருண்டுவிட்டது, பிடரியில் சதை திரண்டது, லேசாக இடித்துக்கொண்டாலும் தோல் கன்றிப்போகிறது. வெறும் வயிற்றில் 104 காட்டும் சர்க்கரை மதிய உணவுக்குப் பின் 238 ஆகிறது. "ஸ்டீராய்டு எலும்பை அரித்துவிடும்" என்று உறவினர்கள் சொல்லிச் சொல்லி, சென்ற வாரம் நானே மாத்திரை அட்டையை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டேன். இன்று ஆறாம் நாள். எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது என்கிறார். காலையிலிருந்து மூன்று முறை வாந்தி. மருந்து உடலை விட்டு வெளியேறும்போது இப்படித்தான் இருக்கும், நான்கு நாளில் சரியாகும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். காத்திருக்கலாமா?

மறுமொழி 1: பொது மருத்துவர்

காத்திருக்க வேண்டாம். இதைப் படித்தவுடன் அவசரப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். "ஓராண்டுக்கு மேல் ஸ்டீராய்டு சாப்பிட்டவர், ஆறு நாளுக்கு முன் அடியோடு நிறுத்திவிட்டோம்" என்பதே அங்கே நீங்கள் சொல்லும் முதல் வாக்கியமாக இருக்கட்டும். அதைச் சொல்லாவிட்டால் வெறும் வயிற்றுக் கோளாறு என்று கருதி ஊசி போட்டு அனுப்பிவிடக்கூடும். மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்போம் என்று வீட்டில் தங்கிவிடாதீர்கள். வாந்தி எடுப்பவரின் வயிற்றில் அது நிற்காது. ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு 100 மில்லிகிராம் ஊசியும் சலைனும் தேவைப்படும்.

இனிக் காரணம். இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் குல்லாய் போல ஒட்டியிருக்கும் அட்ரினல் சுரப்பி ஒவ்வொன்றும் நான்கைந்து கிராம்தான். அதன் உட்பகுதி அட்ரினலினைச் சுரக்கிறது. வெளிப்பகுதியான புறணியில்தான் கார்டிசால் என்ற ஹார்மோன் உருவாகிறது. இரத்த அழுத்தம் சரியாமல் காப்பதும், பட்டினியில் சர்க்கரை இறங்காமல் பார்த்துக்கொள்வதும், காய்ச்சலையும் காயத்தையும் உடல் தாங்க உதவுவதும் கார்டிசாலின் வேலைகள். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை அனுப்பினால்தான் அட்ரினல் கார்டிசாலைச் சுரக்கும். வெளியிலிருந்து தினமும் மாத்திரை வரும்போது, இரத்தத்தில் போதுமான அளவு இருக்கிறதே என்று பிட்யூட்டரி ஓய்ந்துவிடுகிறது. கட்டளையே வராத புறணி மாதக்கணக்கில் சுருங்கிப்போகிறது. உடல் இயல்பாக ஒரு நாளில் சுரக்கும் கார்டிசால் ஏறத்தாழ 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்கு ஈடு. உங்கள் தாயார் பெற்றது அதன் இரு மடங்கு. உங்கள் அண்டை வீட்டார் சொன்னதில் ஒரு பாதி உண்மை: மருந்து வெளியேறிவிட்டது, அதுவும் ஓரிரு நாளிலேயே. அந்த இடத்தை நிரப்ப வேண்டிய சுரப்பி இன்னும் விழிக்கவில்லை என்பதுதான் ஆபத்து.

மறுமொழி 2: மருந்தாளுநர்

மருத்துவர் சொன்னதே முதல் வேலை. திரும்பி வந்த பின் படிக்க இதை எழுதிவைக்கிறேன்.

மாத்திரையின் மில்லிகிராமைப் பார்த்து மருந்தின் வீரியத்தை எடைபோடுவது எங்கள் கடைக்கு வருபவர்கள் பலர் செய்யும் பிழை. பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராம், ஹைட்ரோகார்டிசோன் 20, மெத்தில்பிரெட்னிசோலோன் 4, டெக்சாமெத்தசோன் 0.75 ஆகிய நான்கும் ஏறக்குறைய ஒரே வலுவுடையவை. ஆகவே அரை மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் "சின்ன மாத்திரை" அல்ல. பழைய அட்டையைக் காட்டி, சீட்டில்லாமல் அதையே மறுபடி கேட்பவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

இந்த மருந்துக் குடும்பத்தின் கதை முடக்குவாதத்தில்தான் தொடங்கியது. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், படுக்கையோடு கிடந்த முடக்குவாத நோயாளி ஒருவருக்கு பிலிப் ஹென்ச் கார்டிசோனைச் செலுத்த, சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பக்கவிளைவுகளும் வெகு விரைவிலேயே தெரியவந்தன.

காலையில் சாப்பிடும் பிரெட்னிசோலோன் பிற்பகலிலும் மாலையிலும்தான் சர்க்கரையை ஏற்றும். மறுநாள் விடியலுக்குள் அதன் பிடி தளர்ந்துவிடும். எனவே வெறும் வயிற்று அளவை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். நீங்கள் மதியம் பார்த்தது நல்லது. எலும்பைப் பற்றிய உறவினர்களின் அச்சமும் வீண் அல்ல, முதல் சில மாதங்களில்தான் தேய்மானம் வேகமாக நடக்கும். ஆனால் அதற்கு வழி கால்சியம், வைட்டமின் டி, தேவையானால் எலும்புத் தேய்மானத்துக்கான அலென்ட்ரோனேட் மாத்திரை. கண்புரையும் வரலாம் என்பதால் ஆண்டுக்கொரு முறை கண்ணையும் காட்டுங்கள்.

மறுமொழி 3: அடிசன் நோயுடன் வாழ்பவர்

எனக்கு நேர்ந்தது வேறு வழி. காசநோய் இரண்டு அட்ரினல் சுரப்பிகளையும் அழித்துவிட்டது. கண்டுபிடிப்பதற்கு முன் ஈறும் உள்ளங்கை ரேகைகளும் கறுத்தன. வெயிலில் அலைவதால் என்றார்கள் வீட்டில். மோருக்குள் கைநிறைய உப்பைப் போட்டுக் குடிப்பேன். பிட்யூட்டரி ஓயாமல் ஏ.சி.டி.எச்.ஐ அனுப்பியதால் கறுப்பு. உப்பைப் பிடித்துவைக்கும் ஆல்டோஸ்டிரோனும் போய்விட்டதால் அந்த வேட்கை. உங்கள் தாயாருக்கு இந்த இரண்டு அடையாளமும் தோன்றாது, ஏனெனில் அவருடைய ஏ.சி.டி.எச். தாழ்ந்திருக்கிறது, ஆல்டோஸ்டிரோனை முக்கியமாக ஆள்வது சிறுநீரகம் சுரக்கும் ரெனின் என்ற பொருள் என்பதால் அது தப்பிவிடுகிறது. கறுக்கவில்லையே என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். நான் சட்டைப்பையில் வைத்திருப்பது போல, "ஸ்டீராய்டைச் சார்ந்தவர்" என்று எழுதிய அட்டை ஒன்றை அவருடைய பணப்பையிலும் வையுங்கள்.

கேட்டவரின் பதில், ஐந்து நாள் கழித்து

அன்று மாலையே சேர்த்தோம். இரத்த அழுத்தம் 84/50, இரத்தத்தில் சோடியம் 124, இரண்டுமே மிகக் குறைவு. ஊசியும் சலைனும் ஏறிய பின், இரவு எட்டு மணிக்கு ரசம் சாதம் வேண்டும் என்று அவராகவே கேட்டார். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. மீண்டும் 10 மில்லிகிராமில் தொடங்கியிருக்கிறார்கள். மூட்டுக்கு மீத்தோட்ரெக்சேட் என்ற வேறொரு மருந்தைச் சேர்த்து, மெல்ல 5க்கு இறக்கி, அதன் பிறகு மாதம் ஒரு மில்லிகிராமாகக் குறைப்பதாகத் திட்டம். சுரப்பி விழித்துக்கொண்டதை எப்படி அறிவது?

மறுமொழி 4: பொது மருத்துவர்

மாத்திரை 5 மில்லிகிராம் அல்லது அதற்கும் கீழே வந்த பின், காலை எட்டு மணியளவில், அன்றைய மாத்திரையைச் சாப்பிடுவதற்கு முன் கார்டிசால் அளவைப் பார்ப்பார்கள். மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனால் பிரெட்னிசோலோனையே கார்டிசால் என்று சில பரிசோதனைகள் எண்ணிவிடும். டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் நிறுத்தலாம். கார்டிசால் 5 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் மாத்திரையைத் தொடர்ந்து கொடுத்துச் சில மாதம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். இடைப்பட்டால் அதே அளவில் வைத்துச் சில வாரங்களில் மறுபடி பார்ப்பார்கள். ஓராண்டு பிடித்தாலும் வியப்பில்லை. இதற்கிடையில் காய்ச்சல் வந்தால் எத்தனை மில்லிகிராமாகக் கூட்டுவது என்பதை இப்போதே சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பல் பிடுங்கப் போனாலும் பல் மருத்துவரிடம் அந்தச் சீட்டைக் காட்டுங்கள்.