மறு: எரிபொருள் வடிகட்டி – நீர்நீக்கியா, நீர்பிரியா?

அனைவருக்கும் வணக்கம்.

நம் படகுக் கையேட்டின் தமிழாக்கத்தில், எரிபொருளிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டிக்கு என்ன பெயர் வைப்பது என்ற இந்த விவாத இழை நீண்டுகொண்டே போகிறது. சொல்லை வைத்து மல்லுக்கட்டுகிறோமே தவிர, அந்தப் பொருள் படகில் எங்கே இருக்கிறது, யார் அதைத் தொடுகிறார்கள் என்று இதுவரை யாரும் எழுதவில்லை. அது தெரிந்தால் முன்வைக்கப்பட்ட சொற்களில் பாதி தானாக உதிர்ந்துவிடும். ஆகவே முதலில் படகு, பிறகு இலக்கணம்.

நம் கையேடு பாக் நீரிணையின் இரு கரைகளிலும், மன்னார் வளைகுடாவிலும் ஓடும் சிறிய கண்ணாடியிழைப் படகுகளுக்கானது. பின்பலகையில் ஓர் இயந்திரம் தொங்கும். (தமிழ்நாட்டு மீன்வளத் துறைத் தாள்களில் இது 'வெளிப்பொருத்தும் இயந்திரம்', இலங்கையில் 'வெளியிணைப்பு இயந்திரம்'. எனக்கு இரண்டாவதே பிடித்திருக்கிறது. வாய்க்கு எளிது, செய்தித்தாளிலும் ஊறிவிட்டது.) டேங்க் அல்லது கேன் படகின் தரையில் இருக்கும். அங்கிருந்து ஒரு குழாய் புறப்பட்டு, நடுவில் கையால் அமுக்கும் ரப்பர் குமிழ் ஒன்றைத் தாண்டி, இயந்திரத்தில் போய்ச் சொருகிக்கொள்ளும்.

இந்தப் பாதையில் எரிபொருள் மூன்று இடங்களில் வடிகட்டப்படலாம். டேங்குக்குள் உறிகுழலின் நுனியில் ஒரு வலை. அது தும்பு தூசைத் தடுக்கும், அதற்கு மேல் அதனிடம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. இயந்திர மூடிக்குள் விரல் நீளத்தில் ஒரு சிறு வடிகட்டி. அதை இயந்திரம் செய்கிற நிறுவனமே வைத்து அனுப்புகிறது. இந்த இரண்டுக்கும் இடையில், டேங்குக்கும் குமிழுக்கும் நடுவே, படகுக்காரர் தாமாக வாங்கிப் பூட்டுவது மூன்றாவது. உள்ளங்கையால் சுற்றிப் பிடிக்கும் பருமனில் ஒரு குப்பி, அதன் அடியில் ஒரு கிண்ணம். நாம் பெயர் தேடுவது இதற்குத்தான்.

> வாகனங்களுக்கு 'எரிபொருள் வடிகட்டி' என்று நெடுநாளாக இருக்கிறதே, படகுக்கு மட்டும் ஏன் தனிச்சொல்?

ஐயா, காரில் அதைக் கழற்றுகிறவர் மெக்கானிக். படகில் கழற்றுகிறவர் கடலுக்குப் போகிறவர். கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், இயந்திரம் இருமி இருமி நிற்கும்போது, கையேட்டில் படித்த ஒரு சொல் அவர் கையைச் சரியான பொருளுக்குக் கொண்டுபோக வேண்டும். மூன்றையும் 'வடிகட்டி' என்று எழுதினால் அவர் முதலில் திறப்பது இயந்திர மூடியைத்தான். அங்கே இருப்பதைக் கழற்றினால் ரப்பர் வளையம் ஒன்று நழுவிக் கடலில் விழும். சிக்கலோ பின்னால் உள்ள குப்பியில் அப்படியே இருக்கும்.

அந்தக் குப்பி செய்கிற வேலையைச் சொல்கிறேன். தண்ணீர் எரிபொருளைவிடக் கனமானது. பெட்ரோலின் அடர்த்தி ஏறத்தாழ 0.74, மண்ணெண்ணெய் 0.8, தண்ணீர் 1. குப்பிக்குள் ஓட்டம் தணியும்போது நீர்த்துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துக் கீழே இறங்கிவிடும். மேலே உள்ள தாள் நீரை ஒட்டவிடாத பூச்சு கொண்டது. எரிபொருள் ஊடுருவும், துளி தங்கிவிடும். வெளியிணைப்பு இயந்திரங்களுக்குப் பெரும்பாலும் 10 மைக்ரான் துளையளவுள்ள தாள்தான் பரிந்துரைக்கப்படுகிறது. டீசலுக்கான 2 மைக்ரான் தாளை இதில் போட்டால், இயந்திரத்தின் சிறு பம்பால் இழுக்க முடியாது. கைப்பிடியைத் திருகியதும் மூச்சுத் திணறும். மண்ணெண்ணெய்க்கும் தண்ணீருக்கும் அடர்த்தி இடைவெளி குறைவு என்பதால் அதில் துளி இறங்க நேரமும் கூடுதலாகும். இதைக் கையேட்டில் தனி வரியாகவே எழுத வேண்டும். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் இயந்திரங்கள் இரு கரையிலும் ஏராளம். அவற்றில் இரண்டு குழாய்கள் வந்து ஒரு திருப்பியில் (எந்த எரிபொருள் போக வேண்டும் என்று மாற்றும் வால்வில்) சேரும். பெரிய டேங்க் மண்ணெண்ணெய்க்கு என்பதால் குப்பியும் அந்தக் குழாயில், திருப்பிக்கு முன்னால் இருக்க வேண்டும்.

பாம்பனில் கரையேறிய ஒரு படகில் பார்த்தது. குப்பியின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி, அதிலிருந்ததைப் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்கள். மேலே ஆயில் கலந்த பெட்ரோல் நீலச் சாயலோடு நின்றது. கீழே நிறமே இல்லாத தண்ணீர். நடுவில் அளந்து போட்ட கோடு. பாட்டிலைச் சாய்த்தபோது கீழே இருந்த தண்ணீர் உருண்டையாகத் திரண்டு, பொடிமணலையும் துருவையும் இழுத்துக்கொண்டு ஓடியது. கேன் மூடியின் காற்றுத் திருகைத் தளர்த்தி வைத்திருக்கும்போது அலைத்தெறிப்பு உள்ளே போவதும், பாதி காலியான டேங்கில் இரவுக் குளிரில் ஈரம் வியர்ப்பதும்தான் இந்தத் தண்ணீர் வருகிற வழி.

இனி, இழையில் முன்வைக்கப்பட்ட சொற்கள்.

'நீர்நீக்கி' அதிக ஆதரவு பெற்றிருக்கிறது. நான் அதைக் கடுமையாக எதிர்க்கிறேன். ஒரு பொருள் செய்யாத வேலையைச் செய்வதாக அந்தச் சொல் சொல்கிறது. குப்பி தண்ணீரை எங்கேயும் நீக்குவதில்லை. பிரித்துத் தன் அடியிலேயே வைத்துக்கொள்கிறது. நீக்குவது மனிதக் கை. கிண்ணம் நிறைந்தபின் ஊற்றாமல் விட்டால் அந்தத் தண்ணீர் நேரே இயந்திரத்துக்குப் போகும். 'நீர்நீக்கி பூட்டியிருக்கிறேனே' என்று ஒருவர் நிம்மதியாக இருந்துவிடுவார். பிழை அவருடையது ஆகாது, நம்முடையது ஆகும். எரிபொருள் விலை ஏறும்போது ஊற்றிக் கொட்ட யாருக்கும் மனம் வராது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இலங்கையில் 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே தாவலாக ஏறியது. அப்படிப்பட்ட காலத்தில் ஊற்றாமல் இருக்க ஒரு சாக்கைச் சொல்லிலேயே வைத்துக் கொடுக்கலாமா?

இன்னொன்றும் உண்டு. இந்தியாவில் இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் சேர்க்கிறார்கள். எத்தனால் தண்ணீரைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். கரைந்த நீரைக் குப்பியால் பிரிக்க இயலாது. அது எரிபொருளோடு சேர்ந்தே தாளைத் தாண்டிப் போகும். கொள்ளும் அளவை மீறினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து டேங்கின் அடியில் தனி அடுக்காகத் தங்கிவிடும். உறிகுழலின் நுனி இருப்பதும் அங்கேதான். அந்த அளவுக்கு வந்தபின் எந்தக் குப்பியும் காப்பாற்றாது. டேங்கையே காலி செய்ய வேண்டும். தனித்து நிற்கும் நீரை மட்டுமே பிரிக்கும் கருவிக்கு 'நீக்கி' என்ற பட்டம் பொருந்தவே பொருந்தாது.

'தெளிப்பான்' என்றால் தமிழ்நாட்டு உழவர் மருந்து அடிக்கும் கருவி. தெளிய வைப்பதையும் தெளித்து விடுவதையும் ஒரே சொல்லில் அடைக்க வேண்டாம். 'நீர்பிரிகலம்' கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் படகுக் கையேட்டில் கலம் என்றால் படகு. 'நீர்பிரிகலத்தைப் பின்பலகையில் பூட்டவும்' என்று எழுதிப் பாருங்கள்.

'எண்ணெயரி' என்று முன்மொழிந்த பேராசிரியருக்கு என் வணக்கம். நன்னூல் கடை மாணாக்கருக்கு உவமை சொல்லும் நெய்யரியிலிருந்து (நெய் வடிகட்டும் கருவி) அதை எடுத்திருக்கிறார். நல்ல நெய்யைப் போகவிட்டுக் கசடைப் பிடித்துவைப்பது மாணவனுக்கு இழுக்கு, வடிகட்டிக்கு இலக்கணம். பாலிலிருந்து நீரைப் பிரிக்கும் அன்னம் அதே நூற்பாவில் தலை மாணாக்கருக்கு உவமை என்பதால், நம் குப்பி அன்னமும் நெய்யரியுமாக இரண்டு வேலையும் பார்க்கிறது என்று அவர் எழுதியதை மிகவும் ரசித்தேன். ஆனாலும் அந்தச் சொல்லை ஏற்க முடியவில்லை. உரக்கச் சொல்லிப் பாருங்கள்: எண்ணெயரி, எண்ணெய் எரி. இயந்திர இரைச்சலுக்கு நடுவே, பெட்ரோல் பக்கத்தில், 'எரி' என்று காதில் விழும் சொல் வேண்டாம், ஐயா.

ஆனால் நெய்யரியின் அமைப்பு நமக்கு வழி காட்டுகிறது. நெய்யை அரிப்பது நெய்யரி. நீரைப் பிரிப்பது நீர்பிரி. பொருளும் வினையடியும் மட்டும். பிரிப்பான், பிரிப்பி என்று வால் நீளாது. 'நீர்பிரிப்பி' என்ற, மன்னார்த் தீவின் பேசாலைத் தம்பியின் சொல்லில் குற்றமில்லை. ஒலிபெருக்கி, வடிகட்டி வரிசையில் ஒழுங்காக நிற்கிறது. ஆனால் வேகமாகச் சொல்லும்போது 'பிரிப்பி' நாக்கில் தடுக்குகிறது. நீர்பிரி இரண்டே அசை. 'நீர்ப்பிரி' என்று ஒற்று மிகுமா என்ற கேள்வி வரும். 'நீரைப் பிரிப்பது' என்று இரண்டாம் வேற்றுமைத் தொகையாக விரிவதால் மிகாது என்பது என் துணிபு. நாளிதழ்கள் 'நீர்ப்பிடிப்பு' என்று எழுதுவதைக் காட்டி யாராவது வாதாட வரலாம். வரட்டும்; அதற்குத் தனி இழை திறப்போம்.

இயந்திர மூடிக்குள் இருப்பது வெறும் 'வடிகட்டி'யாகவே இருக்கட்டும். உறிகுழல் நுனியில் உள்ளதை 'உறிவலை' எனலாம். மூன்றுக்கும் மூன்று சொல் ஆகிவிட்டது. எதைச் சொன்னாலும் கை வேறு இடத்துக்குப் போகாது.

ஒரு சொல்லை வாக்கியத்தில் ஓட்டிப் பார்க்காமல் பட்டியலில் சேர்ப்பது நம் குழுவின் பழைய வியாதி. அதனால் எங்கே பூட்ட வேண்டும் என்ற பகுதியை இந்தச் சொல்லை வைத்தே எழுதிப் பார்த்தேன்:

"நீர்பிரியை டேங்குக்கும் குமிழுக்கும் இடையே பூட்டவும். குமிழுக்குப் பின்னால் பூட்டினால் டேங்கின் கசடு குமிழின் தடுக்கிதழ்களில் (ஒருவழி வால்வுகளில்) சிக்கும். குமிழுக்கு முன்னால் இருந்தால், தாளை மாற்றியபின் குமிழை அமுக்கும்போது நீர்பிரி தானாக நிறைந்து, உள்ளே இருந்த காற்றும் வெளியேறிவிடும். குமிழில் உள்ள அம்பு இயந்திரத்தை நோக்கி இருக்கட்டும்.

பின்பலகையின் உட்பக்கமோ, அதை ஒட்டிய பக்கச்சுவரோ நல்ல இடம். கிண்ணம் கீழே வரும்படி செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்தால் நீர் ஒழுங்காக அடியில் தங்காது. கிண்ணத்தைக் கழற்றவும், கீழே ஒரு பாட்டிலைப் பிடிக்கவும் இடம் விடவும். படகின் அடிநீர் தொடும் உயரத்தில் பூட்டினால் இரும்புக் குப்பி துருப்பிடித்து ஓட்டையாகும். டேங்கைவிடத் தாழ்வாக இருந்தால் இணைப்பு தளரும் நாளில் பெட்ரோல் தானாக இறங்கித் தரையில் தேங்கும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, எளிதில் கலைந்து போகாது. பேட்டரிக்கு மேலேயோ அருகிலோ பூட்டவே கூடாது. வலையும் நங்கூரக் கயிறும் இழுபடும் வழியையும் தவிர்க்கவும்.

இந்தக் குழாயில் எரிபொருளை இயந்திரம் உறிஞ்சுகிறது. ஆகவே நீர்பிரியின் ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டால் எரிபொருள் வெளியே கசிவதற்கு முன் காற்று உள்ளே போகும். மெதுவான ஓட்டத்தில் தெரியாது. வேகம் கூட்டியதும் இயந்திரம் திணறும். நின்றுபோனால் இயந்திர மூடியைத் திறக்கும் முன் நீர்பிரியைப் பாருங்கள்."

கடைசி வரியில் 'நீர்பிரி' இருந்த இடத்தில் 'வடிகட்டி'யைப் போட்டுப் பார்த்தேன். எந்த வடிகட்டி என்று கேட்கத் தோன்றுகிறது. 'நீர்நீக்கி' போட்டால் அது ஏற்கெனவே நீரை நீக்கியிருக்குமே, ஏன் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

ஒரு நடைமுறைச் சிக்கல் மிச்சம் இருக்கிறது. சிறிய இயந்திரம் வைத்திருப்பவர்கள் பலர் திருட்டுக்குப் பயந்து மாலையில் இயந்திரத்தையும் கேனையும் கழற்றி வீட்டுக்குத் தூக்கிப் போய்விடுவார்கள். படகில் பூட்டிய நீர்பிரியை மட்டும் கரையில் விட்டுவர மனம் வருமா? கேன் உட்காரும் மரச்சட்டத்திலேயே ஒரு நிமிர்பலகை அடித்து அதில் பூட்டுவது நல்லது என்று நினைக்கிறேன். கேனைத் தூக்கும்போது குழாயும் குப்பியும் கூடவே வந்துவிடும். அப்படிப் பூட்டினால் 'பின்பலகையின் உட்பக்கம்' என்ற என் வரியை மாற்ற வேண்டும். கடற்கரையில் இருப்பவர்கள் இதைப் பற்றிச் சொல்லுங்கள். ஏட்டறிவை வைத்து நான் முடிவு செய்ய விரும்பவில்லை.

ரப்பர் குமிழுக்கு நான் தற்காலிகமாக 'அமுக்குக் குமிழ்' என்று எழுதி வருகிறேன். பாம்பனிலோ பேசாலையிலோ மீனவர்கள் வாயில் புழங்கும் சொல் ஒன்று கட்டாயம் இருக்கும். கேட்டு எழுதினால் நான் வைத்ததை எடுத்துவிட்டு அதையே போட்டுவிடலாம்.

அன்புடன்,
கையேட்டு மொழிபெயர்ப்பில் இருப்பவன்