மறுமொழி: ‘பாஃபிள்’ என்பதற்குத் தமிழ் (பாய்மரப் படகின் நன்னீர்த் தொட்டி)

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

நம் அகரமுதலிக்காக நான்கு நாள்களாக ‘பாஃபிள்’ (baffle) பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். தொட்டிக்குள் தண்ணீர் தளும்பி ஓடாமல் இருக்கக் குறுக்கே வைக்கும் தகடு அது. இதுவரை வந்த சொற்கள் மூன்று: அலைதடுப்பு, தடுப்புச்சுவர், தளும்படக்கி. மடல்களைப் படித்தபோது, நம்மில் பலர் அந்தப் பொருளைப் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறோம் என்று பட்டது. தவறாக எண்ண வேண்டாம். சென்ற ஆண்டு வரை நானும் அப்படித்தான்.

மலேசியாவின் லுமுட்டில் கரையேற்றி நிறுத்தியிருந்த நண்பரின் படகில் தொட்டி மாற்றும் வேலைக்குத் துணையாகப் போயிருந்தேன். 38 அடிப் படகு, 1980களில் கட்டியது. இருக்கைக்கு அடியில் 300 லிட்டர் எவர்சில்வர் தொட்டி. குழாயைத் திறந்தால் கடுந்தேநீர் நிறத்தில் தண்ணீர் வந்தது. தொட்டிக்கு மேலே ஒரே ஒரு மூடி. அதன் வழியே கையை விட்டால் முழங்கை வரை போகும். அங்கே ஒரு தகடு மறிக்கும். அந்தத் தகட்டுக்கு அப்பால் இன்னும் இரண்டு அறைகள். படகு கட்டிய நாளிலிருந்து அங்கே எந்தத் துணியும் பிரஷ்ஷும் போனதில்லை.

தொட்டியை வைத்த பிறகுதான் மேல்தளத்தைப் பொருத்தியிருக்கிறார்கள். ஆகவே முழுதாக வெளியே எடுக்க வழியில்லை. உள்ளேயே கிரைண்டரால் மூன்று துண்டாக அறுத்தோம். விரல் கனத்துக்குச் சேறு. தகடுகளைத் தொட்டியின் அடித்தளத்தோடு பற்றவைத்த இடங்களின் ஓரத்தில் வரிசையாக ஊசித்துளைகள். எவர்சில்வர் தன்னைக் காத்துக்கொள்ளக் காற்றிலும் நீரிலும் உள்ள ஆக்சிஜன் வேண்டும். தகட்டின் அடியில் உள்ள மெல்லிய இடுக்கில் நீர் அசையாமல் தேங்கிவிட்டால் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். குழாய்த் தண்ணீரில் வரும் குளோரைடு மீதியைப் பார்த்துக்கொள்ளும். தொட்டியின் பலவீனமான இடமே இந்தத் தகடுதான் என்பதை அன்று கண்டேன்.

அப்படியானால் அதை ஏன் வைக்கிறார்கள்? ‘நிறைகுடம் தளும்பாது’ என்பதை மனிதர்களுக்கே சொல்லிப் பழகிவிட்டோம். தொட்டிக்கும் அது அப்படியே பொருந்தும். நிறைந்த தொட்டியில் நீர் நகர இடமில்லை. பாதி காலியானதும் 150 கிலோ எடை உள்ளே அங்கும் இங்கும் ஓடத் தொடங்குகிறது. படகு ஒவ்வொரு முறை பக்கவாட்டில் ஆடும்போதும் அது சுவரில் போய் மோதும், பற்றவைப்பு விரியும், படுத்திருப்பவருக்குத் தூக்கம் போகும். அந்த ஓட்டத்தை மட்டுப்படுத்தத்தான் குறுக்கே தகடு. ஆனால் அதன் கீழ்முனைகளையும் மேல்முனைகளையும் வெட்டி விட்டிருப்பார்கள். கீழே நீர் மெல்ல ஊர்ந்து சமமாகும், மேலே காற்று போய்வரும்.

இங்கேதான் ‘தடுப்புச்சுவர்’ எனக்குச் சரிப்படவில்லை. நீர் கசியாத சுவர் வேறு, இது வேறு. தொட்டியை நீளவாக்கில் நடுவே கசியாத சுவரால் இரண்டாகப் பிரித்தால், நீர் ஒரு பக்கம் சாய்வதால் படகின் நிலைப்புக்கு வரும் கேடு நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடும். முனை வெட்டிய தகடு அதைச் செய்யாது. படகு ஒரே பக்கமாகச் சாய்ந்து ஓடினால் நீர் கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிடும். தகடு குறைப்பது வேகத்தை மட்டுமே. இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால், நம் கையேட்டைப் படித்து ஒருவர் தொட்டி செய்து, தகட்டைச் சுற்றிலும் அடைத்துப் பற்றவைத்து, பாதித் தண்ணீரை எடுக்க முடியாமல் நிற்பார்.

‘அலைதடுப்பு’ கடற்கரைக்குப் போய்விட்ட சொல். அதைத் தொட்டிக்குள் கொண்டுவர வேண்டாம்.

‘தளும்படக்கி’ அழகான சொல், ‘ஒலியடக்கி’ போல. ஆனால் அது செயலின் பெயர். பால்காரர் கேனில் பால் அலம்பாமல் இருக்க ஒரு பிடி வைக்கோல் போடுவாரே, அதுவும் தளும்படக்கிதான்.

என் முன்மொழிவு: தட்டி. இது என் கண்டுபிடிப்பன்று. புதுத் தொட்டி செய்த பற்றவைப்பாளர் லுமுட்டுக்குப் பக்கத்து ஊரான சித்தியவான்காரர், தமிழர். நான் வரைபடத்தைக் காட்டி “இந்த இடத்தில் ஒரு சுவர்” என்றேன். அவர் படத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “சுவர் வைத்தால் தண்ணீர் அந்தப் பக்கம் எப்படிப் போகும்? இது தட்டிதானே, அண்ணே” என்றார். மூங்கில் தட்டி, கீற்றுத் தட்டி எல்லாம் மறிக்கும், ஆனால் அடைக்காது, காற்று போய்வரும். நாம் நான்கு நாள் தேடியது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

அன்புடன்.

---

> என் முன்மொழிவு: தட்டி.

ஐயா, எங்கள் ஊரில் தட்டி என்றால் தேர்தல் நேரத்து விளம்பரத் தட்டிதான். அகரமுதலியில் ‘தட்டி’ என்று மட்டும் போட்டால் மாணவர் குழம்புவார். மேலும் பொறியியல் சொல்லுக்கு இவ்வளவு எளிய சொல் தகுமா என்று சிலர் கேட்பார்கள். தளும்படக்கியை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

---

முதல் ஐயம் நியாயமானது. தலைச்சொல்லை ‘தளும்பல் தட்டி’ என்று வைத்துக்கொள்வோம். கட்டுரைக்குள் இரண்டாம் முறையிலிருந்து ‘தட்டி’ போதும். தளும்படக்கியையும் விட வேண்டியதில்லை. தளும்பலைக் குறைக்கும் எதற்கும் அது பொதுப்பெயராக இருக்கட்டும். பந்தயக் கார்களின் எரிபொருள் தொட்டிக்குள் வைக்கிறார்களே நுரைப்பஞ்சு, அதற்குத் தட்டி என்ற பெயர் ஒட்டாது.

இரண்டாவதை ஏற்கமாட்டேன். ‘ஏரா’ (படகின் அடிமரம்), ‘வங்கு’ (விலாச்சட்டம்), ‘அணியம்’ (முன்பக்கம்) எல்லாம் படகு கட்டியவர்களும் ஓட்டியவர்களும் வாயில் வைத்திருந்த சொற்கள். எதுவும் மூன்றெழுத்து, நான்கெழுத்தைத் தாண்டாது. கிரைண்டர் சத்தத்துக்கு நடுவே ‘தளும்படக்கி’ என்று ஒருமுறை கத்திப் பாருங்கள்.

அடுத்து முடிவாக வேண்டியது மூடியின் பெயர். பழைய தொட்டி நாறியதற்குக் காரணம் தட்டி இல்லை. தட்டிக்கு அப்பால் கை போக வழி இல்லாததுதான். 300 லிட்டரின் இடத்தில் நண்பர் இப்போது 120 லிட்டரில் இரண்டு தொட்டிகள் வைத்திருக்கிறார், படகின் வாசல் வழியே நுழையும் அளவில். ஒவ்வொன்றிலும் ஒரு தட்டி, அதன் இரு பக்கமும் ஒவ்வொரு மூடி. ‘ஆய்வுத் துளை’ என்று முன்பு எழுதியிருந்தோம். துளை என்றாலே ஒழுகுவது போல இருக்கிறது. ‘கைநுழைவாய்’ என்று வைக்கலாமா? நீளம் என்றால் ‘கைவாய்’. வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், பற்றவைப்பாளரிடமும் கேட்டு எழுதுகிறேன்.